ஐந்தெழுத்துப் போட்டியும் ஒரு கை அரிசியும்

என் போனை ராஜியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு இதைச் சொல்லத்தான் ஆள் இல்லாமல் போனது.

விளாங்குடியில் எங்கள் நகரின் பூங்கா. பூங்கா என்பது பெயருக்குத்தான். இரண்டு வேப்பமரம், உடைந்த சறுக்குமரம், நலச்சங்கக் கூட்டம் போட ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். போகியன்று சாயங்காலம். காலையில் கொளுத்திய பழைய பாயும் டயரும் விட்ட நாற்றம் இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. கொட்டகைக்குள் வாடகை நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டு, பரீட்சை மண்டபம் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். எதிரே ஒரு கரும்பலகை.

சங்கச் செயலாளர் தங்கப்பாண்டி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"போட்டியில கலந்துக்கிறவக எல்லாம் போன வீட்டாளுக கையில குடுத்துருங்க. பின்னாடி நாக்கு மேல பல்லப் போட்டு யாரும் ஒரு வார்த்தை பேசிறக் கூடாது பாருங்க."

என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, அன்று டூட்டி. பையன் சென்னையில். வீட்டாள் என்று கொடுக்க எனக்கு ராஜிதான் இருந்தாள். ராஜி, தங்கப்பாண்டியின் மனைவி. அடுத்த வீடு.

"குடுங்கக்கா," என்று வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "போயி அடிச்சு நொறுக்குங்க."

தங்கப்பாண்டி ஒரு சில்வர் டப்பாவிலிருந்து சீட்டுகளை எடுத்துப் பலகையில் எழுதினார். ஏ, ஆர், டி. இந்த மூன்று எழுத்தும் உள்ளே இருக்க வேண்டும், சொல்லுக்கு மொத்தம் ஐந்தெழுத்து, ஆங்கிலச் சொல். யார் அதிகம் எழுதுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. விசில் ஊதினார்கள். நான் குனிந்தேன்.

சுவரின் இரண்டு பக்கம்

போன வாரம் இந்தப் பத்தியில் என் அலுவலகத்தில் நடந்த பிரிவு உபசார விழாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எப்போதும் கசப்பாகவே எழுதுகிறீர்களே, உங்களுக்கு நல்லது எதுவுமே நடக்கவில்லையா?"

நடந்திருக்கிறது அம்மா. அதில் ஒன்றை எழுதலாம் என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது அது நல்லதாகவே மிஞ்சுமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

ராஜிதான் அந்த நல்லது.

கொரோனா வந்து அடங்கிய காலத்தில் போனில் ஒரு விளையாட்டு பரவியது, நினைவிருக்கும். தினம் ஒரு ஆங்கிலச் சொல், ஐந்து கட்டம். நாம் போடும் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். எங்கள் நகரில் அது காய்ச்சல் மாதிரி வீடு வீடாகப் போனது. அமெரிக்காவில் இருக்கும் மகள் சொல்லிக் கொடுத்தாள் என்று ஒருவர், பெங்களூர் மருமகன் சொல்லிக் கொடுத்தார் என்று இன்னொருவர். காலை காபிக்கு முன்னால் வாட்ஸ்அப் குழுவில் பச்சையும் மஞ்சளுமாகக் கட்டங்கள் வந்து விழும். முன்பெல்லாம் சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று போட்டுக்கொண்டிருந்தவர்கள், எத்தனையாவது வாய்ப்பில் சொல்லைக் கண்டுபிடித்தோம் என்று போட ஆரம்பித்தார்கள்.

ராஜி அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று விளையாடுவாள். நான் இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டு.

"செல்விக்கா, ரெண்டு மஞ்ச வந்துருச்சு. இப்ப என்னத்தப் போட?"

"நானே சொல்லிட்டா நீ எதுக்குடி வெளாடுற?"

"ஒரே ஒரு எழுத்து மட்டும் சொல்லுங்கக்கா. அவுக எனக்கு முந்திப் போட்டுட்டாக. காலைலருந்து ஒரே நக்கலு."

நான் ஒரு எழுத்து சொல்வேன். அவள் கண்டுபிடித்துவிட்டால் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குதி குதிப்பாள். பி.காம். படித்து, பரீட்சை முடிவு வரும் முன்பே கல்யாணம் ஆகி வந்தவள். படிப்பெல்லாம் துருப்பிடித்துப் போச்சுக்கா என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் அலுவலகத்துக்குப் பல நாள் தாமதமாகப் போயிருக்கிறேன்.

தங்கப்பாண்டிக்குத் திண்டுக்கல் ரோட்டில் டைல்ஸ் கடை. அவர் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நஞ்சை இருந்தது. பாதி இப்போது பிளாட். நல்ல மனுஷன்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் நடுராத்திரியிலும் லைன்மேனைக் கூப்பிடுவார். நகரில் இருக்கும் அத்தனை பேரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அண்ணே, மாப்ள, மதினி, அத்தை. என்னை மட்டும் மேடம்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. அதற்கான மரியாதை என்று நானும் வெகுநாள் நம்பினேன். நகரில் ஒரு வங்கி மேலாளர் அம்மாவும் இருந்தார். அந்த அம்மாவைத் தங்கப்பாண்டி அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

நாங்கள் யார், எந்த ஊர் என்று அந்த நகரில் என்னை யாரும் கேட்டதே கிடையாது. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடிபம்பில் கற்றது

எங்களுக்குச் சமயநல்லூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் வயல் வேலை. சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. அறுப்புக் காலத்தில் கூலியை நெல்லாக அளந்து கொடுப்பார்கள். அப்பா துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தத் துண்டை நான் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். மறக்கச் சொல்லி எனக்கு நல்லெண்ணத்தோடு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. அவர்கள் யாருடைய அப்பாவும் அப்படித் துண்டை விரித்துக்கொண்டு நின்றவர் இல்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து நான் மதுரையில் அரசாங்க மாணவியர் விடுதி. அங்கே குழாயில் தண்ணீர் வராது. பின்கட்டில் ஒரு அடிபம்பு. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் குளிக்க, துவைக்க அதுதான் கதி. அதன் கைப்பிடி என் உயரத்துக்கு மேலே போய் வரும். அதில் தொங்கிக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

யார் அடிப்பது என்று தினம் சண்டை. மயிரைப் பிடித்து இழுக்கிற சண்டை. அதைத் தீர்க்கப் பெரிய வகுப்பு அக்காக்கள் ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஒருத்தி எழுத்தைச் சொல்வாள். "அஞ்செழுத்து, உள்ள எம் இருக்கணும், ஓ இருக்கணும்." சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு ஆங்கிலச் சொல் சொல்ல வேண்டும். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லக் கூடாது. சொல்லத் தெரியாமல் நிற்கிறவள் அன்றைக்கு எல்லோருக்கும் பம்பு அடிக்க வேண்டும்.

தமிழ் மீடியத்துப் பிள்ளைகள். முதல் மாதம் முழுக்க நான்தான் அடித்தேன். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, சோற்றில் கை வைத்தால் எரியும். சோற்றை ஸ்பூனில் சாப்பிட எங்களுக்கு ஸ்பூன் ஏது.

பிறகு ஒரு வெறி வந்தது. விடுதிக்கு வரும் பழைய இங்கிலீஷ் பேப்பர், சோப்பு உறை, மாத்திரை அட்டை, பஸ்ஸில் எழுதியிருப்பது எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பேன், ஐந்தெழுத்தா, ஆறெழுத்தா என்று. அர்த்தம் தெரியாத சொல்லைக்கூட மனப்பாடம் செய்து வைத்தேன். அர்த்தம் பின்னால் வந்து சேர்ந்தது, கூலி பாக்கி மாதிரி. அடுத்த வருஷம் நான் பம்பைத் தொடவே இல்லை.

அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று நர்ஸ், டீச்சர், ஒருத்தி பதிவுத்துறையில் பெரிய அதிகாரி. எங்களுக்கு எந்தக் கான்வென்டும் ஆங்கிலம் சொல்லித் தரவில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எரிச்சலோடுதான் சொல்கிறேன். ஒரு வாளித் தண்ணீருக்காகக் கற்றதைப் பற்றி என்ன பெருமை.

கவிழ்ந்த பானை

போட்டிக்கும் பொங்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நகரில் தைப்பொங்கலன்று பூங்காவில் பொதுப்பானை வைப்பது வழக்கம். பால் பொங்கியதும் முதல் கை அரிசியை ஒரு வீட்டார் போடுவார்கள். அதன்பின் மற்ற அரிசி, வெல்லம் எல்லாம். அந்த முதல் கை அரிசி லேசுப்பட்ட விஷயம் இல்லை. கோயிலில் பரிவட்டம் கட்டுகிற மாதிரி. அதை யார் போடுவது என்று முந்தின வருஷம் இரண்டு பெரிய குடும்பங்களுக்குள் வாய்ப்பேச்சு முற்றி, கைகலப்பாகி, யாரோ யாரையோ தள்ள, பானையே கவிழ்ந்தது. கொதிக்கிற பால் ஒருவர் காலில் பட்டு, கட்டுப்போட்டுக்கொண்டு கிடந்தார். அந்த வருஷம் நகருக்குப் பொங்கலே இல்லை.

ஆகவே மார்கழிக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. இந்த வீடு, அந்த வீடு என்று அடித்துக்கொள்வானேன்? எல்லோரும் தினம் விளையாடுகிற ஐந்தெழுத்து விளையாட்டு மாதிரியே ஒரு போட்டி வைப்போம். ஜெயித்தவர் வீட்டிலிருந்து அரிசி. அறிவுக்கு மரியாதை கொடுத்த மாதிரியும் ஆச்சு, சண்டையும் தீர்ந்தது.

கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது. எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. நானும் கை தூக்கினேன்.

யார் ஜெயிப்பார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்குத்தான் உறைக்கவில்லை. எச்.எம். சார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இங்கிலீஷ் வாத்தியார், தங்கப்பாண்டிக்குப் பெரியப்பா முறை. சண்டை போட்ட இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஆள். அவர் ஜெயிப்பார், அவர் அரிசி போடுவார், யாருக்கும் குறையில்லை. இப்படி மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, 'யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்' என்று நோட்டீசும் அடித்துவிட்டார்கள். வேறு யாராவது ஜெயித்துத் தொலைத்தால் என்ன ஆகும் என்று அந்தக் கொட்டகையில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

கிரீடம்

விசில் ஊதி நிறுத்தினார்கள். தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தார் தங்கப்பாண்டி. ஹார்ட், எர்த், வாட்டர், ட்ரெயின், ட்ரேட். பாதிப் பேர் அதோடு நின்றுவிட்டார்கள். கடைசியில் எச்.எம். சாரும் நானும் மிஞ்சினோம்.

அவர் தாளில் டெய்லர் இருந்தது. எண்ணிப் பார்த்தார்கள், ஆறெழுத்து. அடித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "அவசரத்துல வந்துருச்சுப்பா," என்றார்.

என் தாளில் டியாரா இருந்தது. அப்படி ஒரு சொல்லே கிடையாது என்றார் எச்.எம். சார். அகராதியைப் புரட்டினார்கள். தங்கப்பாண்டி மைக்கிலேயே படித்தார்: "பொம்பளைக தலையில வைக்கிற சின்னக் கிரீடமாம்ல."

"அப்ப எங்க அக்காவுக்கு வைங்க!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினாள் ராஜி. கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அந்த நகரில் வீடு வாங்கியது சரிதான் என்று பட்டது.

எச்.எம். சாரைவிட நான்கு சொல் எனக்கு அதிகம். தங்கப்பாண்டி என் பெயரை வாசித்தார். கைதட்டல் வந்தது. வந்தது, ஆனால் சீக்கிரம் நின்றுவிட்டது. கைதட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவிலேயே ஏதோ ஞாபகம் வந்த மாதிரி. நாளைக்கு அரிசி போடப்போவது யார் கை என்று யோசித்திருப்பார்கள்.

ராஜி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பையைத் திறந்து போனைக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் நின்று புதுப் பச்சரிசி வாங்கினேன். இருந்ததிலேயே நல்ல அரிசி.

சமத்துவம்

விளக்கேற்றிவிட்டு அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது. நகர் நலச்சங்கத்தின் குழு. தங்கப்பாண்டி எழுதியிருந்தார்.

'இவ்வாண்டு முதல் நமது நகரில் சமத்துவப் பொங்கல். எந்த ஒரு வீட்டுக்கும் தனி மரியாதை என்பது இனி கிடையாது. அனைவர் சார்பிலும் மூத்தவரான எச்.எம். சார் அவர்கள் முதல் அரிசி இடுவார்கள். போட்டி குறித்துச் சில ஐயங்கள் எழுந்துள்ளதால் முடிவு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

இரண்டு முறை படித்தேன். தமிழ் தெரியாத ஆள் மாதிரி. சமத்துவம் என்ற சொல்லை என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். என் கையைப் பானையிலிருந்து தள்ளிவைக்க அதையே கொண்டு வருவார்கள் என்று நினைக்கவில்லை. கீழே வரிசையாகக் கும்பிடு, கும்பிடு, கட்டைவிரல்.

ராஜியைக் கூப்பிட்டேன்.

"பாத்தீகளாக்கா," என்றாள், குரலைத் தணித்து.

"ஐயம்னு போட்ருக்காரே, என்ன ஐயம்?"

"எச்.எம். சார்தான்க்கா கெளப்பி விட்டுட்டாரு. போன்ல அதுக்குன்னே ஒரு பக்கம் இருக்காம்ல. எத்தனை எழுத்து, என்னென்ன எழுத்து இருக்கணும்னு போட்டா, அம்புட்டு சொல்லும் வரிசையா வந்து கொட்டுமாம். நீங்க அதப் பாத்துத்தான்..."

இவ்வளவு விவரமாகத் தெரிந்து வைத்திருக்கிற எச்.எம். சார் அந்தப் பக்கத்தை ஒருநாளும் திறந்திருக்க மாட்டார் என்று நாமும் நம்புவோம்.

"என் போன் யாருட்ட இருந்துச்சு ராஜி?"

"எங்கிட்டத்தான். பைக்குள்ள, ஜிப்பு போட்டு. எனக்குத் தெரியாதாக்கா?"

"அத உங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னியா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"அவுக கோவத்துல இருக்காக. பெரியப்பா வந்து உக்காந்துருக்காரு. காலைல எல்லாரு முன்னாடியும் நானே சொல்லிர்றேன்க்கா. என் பிள்ளை மேல சத்தியம். நீங்க பாட்டுக்கு அரிசியக் களைஞ்சு எடுத்துட்டு வாங்க."

எனக்கு அரிசி போடுவது பெரிதில்லை. கோயிலில் எத்தனை பேருக்குப் பரிவட்டம் கட்டுகிறார்கள், எனக்கா கட்டுகிறார்கள்? ஆனால் திருடி ஜெயித்தாள் என்ற பேச்சோடு அந்தத் தெருவில் என்னால் நடக்க முடியாது. ராஜி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அக்கா போன் என் கையில இருந்துச்சு. அவ்வளவுதான். அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பரிசைவிட, அரிசியைவிட, அதற்குத்தான் ஆசைப்பட்டேன்.

விடிகாலையில் என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று அந்தச் செய்தியைப் படித்தார்.

"நீ போகாத செல்வி."

"ராஜி சொல்றேன்னிருக்கா."

"சொன்னா சந்தோசம்," என்றார். அவ்வளவுதான். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

குலவை

தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, களைந்த அரிசியைப் பித்தளைச் சொம்பில் எடுத்துக்கொண்டு போனேன். பூங்காவில் கரும்பு கட்டியிருந்தார்கள். மஞ்சள் கொத்து சுற்றிய பெரிய பானை. புகை கண்ணைக் கரித்தது. எச்.எம். சார் பட்டுவேட்டியில் பானைக்கு அருகே நின்றார். எனக்கு இடம் விட்டு எல்லோரும் கொஞ்சம் விலகினார்கள்.

"வாங்க மேடம்," என்றார் தங்கப்பாண்டி. என் சொம்பைப் பார்த்தார். "குரூப்புல போட்டத நீங்க பாக்கலையா?"

"பாத்தேன். அரிசி யாரு வேணும்னாலும் போடுங்க. என் மேல ஐயம்னு எழுதிருக்கீங்க. அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போட்டுக்கங்க."

"அத அப்பறம் கமிட்டியில பேசிக்கிருவோம் மேடம். நல்ல நாளும் அதுவுமா..."

"பேசவே வேணாம். ஒரு வார்த்தைதான். என் போன் உங்க வீட்டம்மா கையில இருந்துச்சு. கேளுங்க."

எல்லோரும் ராஜியைப் பார்த்தார்கள். பச்சைச் சேலையில், தட்டில் வெல்லத்தோடு நின்றாள். நானும் பார்த்தேன். அவள் முகத்தில் சொல் வந்துவிட்டது. உதடுவரை வந்தது. நான் பார்த்தேன் என்பதால் சொல்கிறேன். தங்கப்பாண்டி அவளை மிரட்டவில்லை, முறைக்கக்கூட இல்லை. பானையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குச் சரியா ஞாபகமில்லக்கா," என்றாள் ராஜி. "கூட்டத்துல பைய அங்க வச்சேன், இங்க வச்சேன்... எடுத்தாகளா, எடுக்கலையா... நான் எப்படிக்கா சொல்ல?"

இல்லை என்று சொல்லியிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். அவள் மென்று விழுங்கினாள். அதோடு சண்டை போட முடியாது.

அதே நேரம் பால் பொங்கி வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று ஆண்கள் கத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் நகரிலேயே ராஜியின் குலவைதான் நீளம். மூச்சு விடாமல் போகும். அன்றும் போட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, புகையாகவும் இருக்கலாம். வாய் குலவையிட்டுக்கொண்டுதான் இருந்தது.

எச்.எம். சார் அனைவர் சார்பிலும் அரிசியை இட்டார். நான் சொம்போடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரர் என்னையும் சொம்பையும் பார்த்தார். வாசலில் மூன்று செங்கல்லைப் போட்டு, தென்னை மட்டையை ஒடித்து அடுப்பு மூட்டினார். அந்த அரிசியைப் போட்டே பொங்கினோம். பால் பொங்கியபோது நான் குலவையிடவில்லை, அரிசியை அள்ளிப் போட்டேன். அவர்தான் தனி ஆளாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்.

ஒரு வாய்

மதியத்துக்கு மேல் ராஜி வந்தாள். கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கையில் ஒரு டிபன் டப்பா. பூங்காப் பொங்கல்.

"கோவமாக்கா?"

டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"நான் என்னக்கா செய்ய? அவுகளுக்கு எதுத்தாப்புல நின்னு அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்ல? நாளைக்கு நான் அந்த வீட்லதான இருக்கணும்? உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நீங்க பாக்கலன்னு. அது போதாதாக்கா?"

போதாதா என்று அவள் கேட்டது நடிப்பில்லை. உண்மையாகவே போதும் என்றுதான் நினைத்தாள். நான் ஜெயித்தது எங்கள் இரண்டு பேருக்கும் ரகசியமாகத் தெரிந்தால் போதுமாம்.

அழுத முகத்தோடு நின்றவளைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. என்ன இருந்தாலும் நல்ல நாளில் வீட்டுக்கு வந்தவள். அடுக்களைக்குப் போய் ஒரு தட்டில் எங்கள் பொங்கலை வைத்துக் கொண்டுவந்து நீட்டினேன்.

"சரி, விடு. ஒரு வாய் சாப்பிடு."

ராஜி தட்டைப் பார்த்தாள்.

"வயிறு நெறஞ்சிருக்குக்கா. இப்பத்தான் அங்க..."

"ஒரே ஒரு வாய்."

"நெய்யி கூடிப் போச்சு, நெஞ்சக் கரிக்குதுக்கா. அப்பறமா வந்து சாப்புடுறேன்."

அவள் கை முந்தானைக்குள் இருந்தது. வெளியே வரவில்லை.

தட்டை நீட்டியபடியே நின்றேன். எனக்கு மெல்ல விளங்கியது. ராஜி என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், என் கட்டிலில் படுத்துக்கூட இருக்கிறாள். என் வீட்டில் எதைச் சாப்பிட்டிருக்கிறாள் என்று யோசித்தேன். வாழைப்பழம். கடையில் வாங்கிய மிக்சர், பாக்கெட்டை அவளே பிரித்தாள். பாட்டில் சோடா. என் பையன் பாஸ் செய்தபோது நான் செய்த கேசரியை, பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்று மூடி எடுத்துப் போனாள். அவள் வீட்டுக் குழம்பு, அவள் வீட்டுப் பணியாரம், அவள் வீட்டு ஊறுகாய் எல்லாம் எனக்கு வந்தது. நானும் எங்கள் வீட்டுக்காரரும் உச்சுக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறோம். அக்கா அக்கா என்று உயிரை விட்ட பெண் என் அடுப்பில் வெந்த ஒரு பருக்கையை என் கண்முன்னால் வாயில் வைத்ததில்லை.

இது அவளுக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். அவளாக முடிவு செய்ததாகக்கூட இருக்காது. அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

"ராஜி, எங்க வீட்ல நீ என்னைக்காச்சும் சோறு தின்னுருக்கியா?"

"என்னக்கா இது, அப்படியெல்லாமா நெனப்பாக..."

"தின்னுருக்கியா?"

அவள் முகம் வெளுத்தது. யோசித்தாள். நிஜமாகவே நினைவைத் துழாவினாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. காலையில் பொய்யாக ஞாபகமில்லை என்றவள், இப்போது உண்மையாகத் தேடி ஒன்றும் கிடைக்காமல் நின்றாள்.

டிபன் டப்பாவை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"இத எடுத்துட்டுப் போ. எங்கப்பாவுக்குத்தான் படியளந்து போட்டாக, துண்ட விரிச்சு வாங்குனாரு. எனக்கு யாரும் படியளக்க வேணாம்."

ராஜி விசும்பிக்கொண்டே செருப்பை மாட்டினாள். கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். நான் தட்டோடு வாசலிலேயே நின்று, அவளுக்கு வைத்த பொங்கலை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.